முதல் முகம்

இந்தக் கதையை எனக்கு முதன்முதல் சொன்னது பெர்கனில் இருக்கிற கொன்சி. போன வருசம் ஆவணியில், மடுமாதா திருநாள் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக் கோப்பையோடு ஒரு கரையில் இருந்தபோது, தன்னுடைய மச்சாள் கிளாறாவுக்கு நடந்தது என்று சொன்னாள். கொன்சி கூட்டிக் குறைத்துக் கதைக்கிறவள் இல்லை. அவள் சொன்ன மாதிரியே நானும் சொல்லுகிறேன், மாதா பார்த்துக்கொண்டிருக்கிறா.

நோர்வேயின் வடக்கில், வரைபடம் முடிகிற இடத்தில், கிராவோய் என்றொரு மீன் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் கறுத்தக் கடல், மற்றப் பக்கம் சோல்ஹேயா என்ற மலை, நடுவில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பலகை வீடுகள். கார்த்திகை கடைசியில் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் இறங்கினால் தை முடியிற மட்டும் திரும்பி வராது, அந்த நாட்களில் மத்தியானமும் விடியப்புறம் மாதிரி நீலமாய்க் கிடக்கும், பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போய் இருட்டில் வருவார்கள், பெரிய ஆட்கள் கதைக்கிறதைக் குறைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக் காத்திருப்பார்கள். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மலைநடை. அந்த ஊரில் மலையில் நடக்காத ஆள் இன்னும் ஊருக்கு வந்து சேராத ஆள் மாதிரி, எத்தனை வருசம் இருந்தாலும்.

சூரியன் திரும்புகிற நாளில் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊர் முழுக்க சோல்ஹேயா உச்சிக்கு ஏறும். அங்கே தெற்கைப் பார்த்த பாறையில் ஒரே ஒரு ஆளை நிறுத்துவார்கள், மற்றச் சனம் எல்லாம் பின்னால் நிழலில் நிற்கும், முதல் கதிர் அந்த ஒரு முகத்தில் விழும். பிறகு சனம் வரிசையில் வந்து, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அந்தக் கன்னத்தில் ஒருக்கா வைத்து, சூரியனை வாங்கிக்கொண்டு போகும். அப்படி நிற்கிற ஆளை 'முதல் முகம்' என்பார்கள்.

கிளாறா யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பிள்ளை. இருபத்தைந்து வயதில் அந்த ஊருக்கு வந்து, மீன் பக்டரியில் நின்று, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஒஸ்லோவுக்குப் படிக்க அனுப்பிவிட்டு, இன்னும் அதே மேசையடியில் நின்று மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தா. ஒவ்வொரு வருசமும் அந்த வரிசையில் நின்று பேக்கரிக்காரனின் கன்னத்தை, வாத்தியாரின் கன்னத்தை, தபால்காரியின் கன்னத்தைத் தொட்டிருக்கிறா. அவவின் கன்னத்தை அந்த ஊரில் ஒருத்தரும் தொட்டதில்லை. கடையில் மிச்சக்காசு கொடுக்கிற பெட்டைகூடக் கையில் வைக்காமல் மேசையில் வைப்பாள். அதை ஒரு குறையாக அவ ஆரிடமும் சொன்னதில்லை, செபமாலையில் மட்டும் சொல்லியிருக்கிறா: ஒருக்கா, ஒரே ஒருக்கா, இந்த ஊர் என்ர கன்னத்தைத் தொடட்டும், பிறகு நான் இந்த ஊர்க்காரி.

பக்டரியில் அவவுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் குன்வோர். இரண்டு பேரும் ஒரே மேசையில் நின்று கை வெடித்தவர்கள், ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் அவளின் பெட்டியையும் சேர்த்து நிரப்புவாள். குன்வோர் மலைநடைக் கழகத்தில் பெரிய ஆள். ஒருநாள் அவள்தான் சொன்னாள்:

"இருட்டுக்காலம் முழுக்க ஒரு ஞாயிறும் விடாமல் நடக்கிற ஆளைத்தான் முதல் முகமா நிறுத்துவம், கிளாறா. நீ வந்து சேர். இந்த முறை உன்னை நிறுத்தச் சொல்லி நான் கேக்கிறன்."

"என்னையோ? விடுவினமோ?"

"நான் இருக்கிறன் தானே."

இந்த ஒரு சொல்லைத்தான் கிளாறா வீட்டுக்குக் கொண்டுவந்தா. புருசன் சூசைதாசன் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பக்டரியில நாள் முழுக்க நிண்டது காணாதே, இனிப் பனிக்குள்ள ஏறப் போறியோ? மலையில என்ன, மாதா காட்சி குடுக்கிறாவோ?"

"குடுத்தா உங்களையும் கூப்பிடுறன். இப்ப அந்தச் சப்பாத்துக்கு இரும்புப் பல்லைப் பூட்டித் தாங்கோ."

அவர் பூட்டிக் கொடுத்தார்.

கழகத்துச் சனம் கெட்ட சனம் இல்லை. ஆனால் அவர்கள் பிறந்தபோதே மலையில் நடந்தவர்கள் மாதிரி வெடுக்கு வெடுக்கென்று நடப்பார்கள். பாதிவழியில் ஒரு பெரிய கல்லடியில் இருந்து கோப்பி குடித்துத் தோடம்பழம் உரிப்பார்கள். கிளாறா மூச்சு வாங்க வாங்க அந்தக் கல்லை எட்டுகிற நேரம், அவர்கள் களை ஆறி எழும்பி, "வந்திட்டாய், நல்லது, போவம்" என்று புறப்பட்டுவிடுவார்கள். பின்னுக்கு வருகிற ஆளுக்கு ஆறுதல் கிடையாது என்பதை, முன்னுக்குப் போகிற ஆட்கள் ஒருநாளும் அறிய மாட்டார்கள். குன்வோரும் முன்னுக்குத்தான் நடந்தாள். தலைவர் ஸ்தைனாரோடு ஏதும் அலுவல் கதைத்துக்கொண்டு போவாள், இடைக்கிடை திரும்பிக் கையைக் காட்டுவாள்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, கிளாறா கல்லடிக்கு வந்தபோது அவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். வெள்ளைப் பனியில் தோடம்பழத் தோல் மட்டும் கிடந்தது. அவவுக்கு அழுகை வந்தது, அழுதால் கண்ணீர் உறைந்துவிடும் என்று அழாமல் இருந்தா. பொக்கெற்றுக்குள் கைவிட்டுச் செபமாலையை எடுத்து, கையுறையோடு மணி பிடிபடாமல் தடவிக்கொண்டிருந்த அந்த நேரம், அவவுக்கு மேலே வெயில் வந்தது.

வேறு ஒன்றுமில்லை, வெயில்தான். ஒரு பாய் விரித்த அளவு. பாசையூர்க் கடற்கரையில் மத்தியானம் கருவாடு காயிற வெயில், அந்தச் சூட்டோடும் அந்த மணத்தோடும் வந்து அவவைச் சுற்றி விழுந்தது, காலடியில் பனி உருகி அடியில் இருந்த பாசி பச்சையாய்த் தெரிந்தது. கிளாறா தலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து செபத்தைச் சொன்னா. எழும்பி நடந்தா, வெயிலும் எழும்பி நடந்தது.

மேலே போனவர்கள் கீழே வெளிச்சத்தைக் கண்டு திரும்பி வந்தார்கள். கிளாறாவுக்காக அவர்கள் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. ஸ்தைனார் வெளிச்சத்துக்குள் ஒரு கையை நீட்டி, சுடுகிறதா என்று தண்ணீரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, "நல்லது. இனிக் கோப்பி ஆறாது," என்றார். எல்லாரும் வெளிச்சத்துக்குள் நெருங்கி இருந்து இன்னொருதரம் கோப்பி குடித்தார்கள். அன்றைக்குத்தான் கிளாறா முதன்முதல் அந்த மலையில் இருந்து ஆறினா.

அந்த ஊர்ச்சனம் எதற்கும் வாயைப் பிளக்கிற சனம் இல்லை. அடுத்த ஞாயிறு பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கூட்டிவந்தார்கள். டொக்டர், இருட்டால் மனம் சோர்ந்தவர்களுக்குக் குளிசைக்குப் பதில் கிளாறாவோடு நடக்கச் சொன்னார். ஒரு கிழவர் தக்காளிக் கன்றைச் சட்டியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஒவ்வொரு கிழமையும் நடந்தார், அது தையில் காய்த்தது. ஊர்ப் பாதிரியாரிடம் கேட்டார்கள், எங்கள் சபையில் இதற்கு ஒரு சட்டமும் இல்லை என்று சொல்லி அவரும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்தார். பக்டரி முதலாளி, மீன் இறக்குகிற வாசலில் காலையில் கொஞ்ச நேரம் நிற்க ஏலுமோ என்று கேட்டார். எங்கள் தமிழ்ச்சனம் மட்டும் சும்மா இருக்குமோ? வடக்குப் பக்கத்தில் இருந்த நாலைந்து குடும்பமும் சுளகில் மோர்மிளகாயைப் பரப்பி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கிளாறாவுக்குப் பின்னால் மலை ஏறியது.

"மச்சாள், கொஞ்சம் மெல்ல நடவுங்கோ, மிளகாய் இன்னும் ஒரு வெயில் காய வேணும்."

"நான் வேகமா நடந்ததை எப்பவடி நீ கண்டனீ?"

வெளிச்சம் கிளாறாவின் நடைக்குத்தான் நடக்கும், அதனால் ஊர் முழுக்க கிளாறாவின் நடைக்கு நடந்தது. அவ இருந்தால் ஊர் இருந்தது. அவ எழும்பினால் எழும்பியது. வெளிச்சத்தின் நடுவில், அவவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் குன்வோர். "பாத்தியே, நான் சொன்னனான் தானே," என்று காதுக்குள் சொல்லுவாள். கிளாறா அந்தக் கிழமைகளில் சந்தோசமாக இருந்தா, அதை நான் மறைக்கக் கூடாது. ஒன்றை மட்டும் கவனித்தும் கவனியாத மாதிரி விட்டா. சனம் தொலைபேசியில் கேட்கிறபோது, "கிளாறா எத்தனை மணிக்கு வாறா?" என்று கேட்கவில்லை. "வெளிச்சம் எத்தனை மணிக்குப் புறப்படுது?" என்றுதான் கேட்டார்கள்.

தை பிறந்தது. கழகம் கூடி, இந்த முறை முதல் முகம் கிளாறாதான் என்று முடிவு செய்ததாகக் குன்வோர் மேசையடியில் நின்று சொன்னாள். கிளாறா முள் எடுக்கிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்தா, துடைத்துக்கொண்டே நின்றா. அன்று பின்னேரம் பாசையூருக்குத் தொலைபேசி எடுத்துத் தாய்க்குச் சொன்னா. மகள் ஜெனிற்றா ஒஸ்லோவிலிருந்து வந்தாள், கொன்சி பெர்கனிலிருந்து வந்தாள். தொலைக்காட்சிக்காரரும் வருகிறார்கள் என்று ஊருக்குள் கதை. சூரியன் வருகிற நாளுக்கு முதல்நாள் பக்டரியில், குன்வோரின் தலைமயிர் புதிதாகச் சுருட்டி வாசமாக இருந்ததைப் பார்த்து, "வடிவா இருக்கடி உனக்கு," என்று சொன்னதும் கிளாறாதான். குன்வோர் தலையைத் தூக்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூரியன் வருகிற நாள் விடிந்தது, விடிந்தது என்று சொல்லுவது வாய்ப்பழக்கம்தான். ஊர் முழுக்கத் திரண்டது. குன்வோர் வந்து சொன்னாள், "கிளாறா, வயசு போனவையையும் சின்னப் பிள்ளையளையும் உன்ர வெளிச்சத்தில மெல்லக் கூட்டிக்கொண்டு வா. நாங்கள் முன்னுக்குப் போய் எல்லாத்தையும் ஆயத்தம் செய்யிறம்." கிளாறா கூட்டிக்கொண்டு போனா. ஒரு கிழவிக்குக் கை கொடுத்து, ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்து, கல்லடியில் எல்லாரையும் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தா.

உச்சியில் பாறை ஆயத்தமாக இருந்தது. கமரா ஆயத்தமாக இருந்தது. பாறைக்குப் பக்கத்தில் குன்வோர் மஞ்சள் சால்வை போர்த்துக்கொண்டு நின்றாள். அது முதல் முகத்துக்குப் போர்த்துகிற சால்வை.

ஸ்தைனார் கிளாறாவிடம் வந்தார். நல்ல மனிசன் கதைக்கிற மாதிரித்தான் கதைத்தார்.

"கிளாறா, ஒரு சிக்கல். உன்ர முகத்தில ஏற்கெனவே வெளிச்சம் நிக்குது. சூரியன் வந்து விழுந்தாலும் ஆருக்குத் தெரியும்? வழக்கம் எண்டொண்டு இருக்கு. நாடு முழுக்கப் பாக்கப் போகுது, பாக்கிற சனம் கிராவோயின்ர முகம் எண்டு பாக்க வேணும். உனக்கு விளங்கும்."

கிளாறா குன்வோரைப் பார்த்தா. "எப்ப முடிவு செய்தனீங்கள்?"

"போன கிழமை," என்றார் ஸ்தைனார்.

"குன்வோர், நீ அறிவியோ?"

குன்வோர் சால்வையின் குஞ்சத்தைச் சரிப்படுத்தினாள். "என்னைக் கேட்டினம், கிளாறா. நான் வேண்டாமெண்டு சொன்னா வேற ஆரையோ நிறுத்தியிருப்பினம். உனக்கு ஒவ்வொரு நாளும் வெளிச்சம் இருக்கு. எனக்கு இந்த ஒரு நாள் தானே."

"'நான் இருக்கிறன்' எண்டு சொன்னனீ."

ஸ்தைனார்தான் இன்னும் ஒன்று சொன்னார், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார்: கமராவுக்குள் அந்த வெளிச்சம் வந்து படத்தைக் கெடுக்கும், கொஞ்ச நேரம் அந்தக் கொட்டிலுக்குப் பின்னால் நிற்க ஏலுமோ. உச்சியில் ஒரே ஒரு கொட்டில்தான் இருந்தது. அது கக்கூஸ்.

கிளாறா போனா. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, அவ போய் அந்தப் பலகைச் சுவருக்குப் பின்னால் நின்றா, வெளிச்சமும் கூடப் போய் நின்றது. ஜெனிற்றா ஓடிவந்தாள், முகம் சிவந்து கொதித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வாங்கோ. எல்லாருக்கும் முன்னால கேப்பம். உங்கட பிள்ளை கேக்கிறன், நீங்கள் பேசாம நில்லுங்கோ."

"வேண்டாம் பிள்ளை. சின்னனுகள் குளிருக்குள்ள நிக்குதுகள். சூரியனைப் பாக்கட்டும்."

"அதுகளை மேல ஏத்திக்கொண்டு வந்தது ஆர்?"

"நான்தான். அதுக்கு இப்ப என்ன?"

சுவருக்கு அந்தப் பக்கம் சனம் ஒருமிக்க மூச்சை இழுத்தது கேட்டது. சூரியன் ஒருவருக்கும் பட்சபாதம் பார்க்காமல், கோபிக்காமல், ஒவ்வொரு வருசமும் வருகிற மாதிரியே வந்தது. பிள்ளைகள் பாடினார்கள். பிறகு பனியில் காலடிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன, கையுறை கழற்றுகிற சத்தம், சிரிக்கிற சத்தம், குன்வோரின் கன்னத்தை ஊர் தொட்டுக்கொண்டிருந்தது. தக்காளிக் கிழவர் தொட்டார். டொக்டர் தொட்டார். சுளகோடு வந்த எங்கள் சனமும், வரிசையை விட்டால் மரியாதையில்லை என்று, போய்த் தொட்டது. கொன்சி மட்டும் போகவில்லை, கொட்டிலின் மூலையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள், அதனால்தான் இந்தக் கதை எனக்கு வந்தது.

கடைசிக் காலடியும் ஓய்ந்த பிறகு கிளாறா தன் வெளிச்சத்தைக் குனிந்து பார்த்தா. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னா:

"நீ இஞ்ச நில். என்னோட வர வேண்டாம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தா. வெளிச்சம் வரவில்லை. விரித்த பாய் விரித்தபடி அங்கேயே கிடந்தது.

இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. கிராவோய் ஊர் அதையும் வாயைப் பிளக்காமல் ஏற்றுக்கொண்டது. ஒருத்தரின் நடைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, இது இன்னும் வசதி என்றார்கள். கக்கூஸைப் பெயர்த்து அங்காலே நகர்த்தினார்கள், வெளிச்சத்தைச் சுற்றிப் பலகைத் தளம் அடித்தார்கள், இருக்க வாங்கு போட்டார்கள், 'கிராவோய் வெளிச்சம்' என்று பலகை வைத்தார்கள், கப்பலில் வருகிற உல்லாசப் பயணிகள் வந்து காலை நீட்டி இருந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் சனம் மோர்மிளகாயை இப்போதும் அங்கேதான் காய வைக்கிறது. கிளாறாவின் வீட்டு வாசலைக் கடந்துதான் சுளகைக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகிறார்கள்.

அடுத்த இருட்டுக்காலத்தில் கிளாறா நடக்காமல் விடவில்லை. மீன் பக்டரிக்குப் பின்னால் பேரில்லாத ஒரு மொட்டைக் குன்று இருக்கிறது, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அதில் ஏறினா. பக்டரியில் தரை கழுவுகிற எரித்திரியப் பிள்ளை செனாயித் கூடப் போனாள், அவளோடு இன்னும் இரண்டு மூன்று பேர், கழகத்தில் சேர்ந்து, பின்னுக்கு விடப்பட்டு, விலகி வந்தவர்கள். அவர்களிடம் ஒரே ஒரு ஒழுங்குதான், ஆகவும் மெல்ல நடக்கிற ஆள் முன்னுக்கு. அங்கே ஒரு வெளிச்சமும் வரவில்லை. வர வேண்டுமென்று கிளாறா செபிக்கவுமில்லை.

பக்டரி மேசையில் கிளாறாவும் குன்வோரும் இன்னும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். கத்தி தீட்டித் தா, பெட்டி நிரம்பிவிட்டது என்ற அளவில் கதை. ஒரு ஞாயிறு, குன்றின் அடியில் குன்வோர் தனியாக வந்து நின்றாள். சோல்ஹேயா உச்சியில் அந்த வெளிச்சம் தூரத்தில் ஒரு ஜன்னல் மாதிரித் தெரிந்துகொண்டிருந்தது. அதற்குப் போகாமல் இங்கே வந்திருந்தாள்.

"நான் வரலாமோ, கிளாறா?"

"மலையை நான் பூட்டி வைக்கேல்ல."

குன்வோர் கிட்ட வந்தாள். வலக்கையின் கையுறையைக் கழற்றினாள். கழற்றி, அந்த வெறுங்கையை மெல்லத் தூக்கி, கிளாறாவின் முகத்தை நோக்கிக் கொண்டுவந்தாள். செனாயித் தன் தலை லைட்டை வேறு பக்கம் திருப்பினாள். முன்னொரு காலம் கிளாறா அந்தக் கைக்காகத்தான் முழங்கால் நோகச் செபித்தா. இப்போது அது வந்துகொண்டிருந்தது, கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

கிளாறா ஒரு அடி பின்னுக்கு எடுத்து வைத்தா.

"கையுறையைப் போடு, குன்வோர். விரல் விறைச்சுப் போகும்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தா. கொஞ்சத் தூரம் போன பிறகு, கடைசியில் இன்னொரு லைட் ஏறிவருவது தெரிந்தது. ஒருத்தரும் அவளைத் துரத்தவில்லை. பாதிவழியில் இருந்தார்கள், குன்வோர் வந்து சேரும் மட்டும் எழும்பாமல் இருந்தார்கள், அவளுக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது கிளாறாதான். கோப்பையைக் கையில் கொடுக்கவில்லை. கல்லில் வைத்தா.

கொன்சி பிறகு ஒருக்கா கேட்டாளாம், "அவளை மன்னிச்சிட்டீங்களோ மச்சாள்?" என்று.

"மன்னிப்பு அண்டைக்கே குடுத்திட்டன் பிள்ளை, அந்தக் கொட்டிலுக்குப் பின்னால நிண்டே குடுத்தனான். கன்னம் குடுக்கிறது வேற."

ஒவ்வொரு நாளும் செபமாலை முடிவில் கிளாறா குன்வோருக்காக ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுகிறாவாம், எங்களையும் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தா. நான் வாயைத் திறந்து பார்த்தேன், அந்தப் பேர் வருகிற இடத்தில் எனக்குச் சத்தம் வரவில்லை. நீங்கள் இப்போதுதான் கேட்டவர்கள், உங்களுக்கு வரும். இன்றைக்குப் படுக்க முதல் அவளுக்காக ஒன்று சொல்லிவிடுங்கோ.